போய் வாருங்கள் என்று சொன்னால் போதுமா?

 

உங்கள் வீட்டில் படித்து முடித்துவிட்டு வந்திருக்கும் ஒரு மகள் இருக்கிறாளா? மகள் இல்லாவிட்டால் ஒரு தங்கை, ஒரு பேத்தி, அண்டை வீட்டுப் பிள்ளை? அவளுடைய சான்றிதழ்கள் இப்போது எங்கே இருக்கின்றன? அலுமாரியின் அடித்தட்டிலா? பெட்டிக்குள் சாரிகளுக்குக் கீழேயா? ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து மீதியை வாசியுங்கள். நான் சொல்லப்போவது அந்தக் காகிதங்களைப் பற்றியதுதான்.

நான் வவுனியா மாவட்டத்தில் பெண்கள் அரபுக் கல்லூரி ஒன்றில் ஓதிக் கொடுப்பவன். எங்கள் பிள்ளைகள் மார்க்கக் கல்வியோடு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கும் தோற்றுகிறார்கள். சாளம்பைக்குளம், சூடுவெந்தபுலவு என்று பக்கத்து ஊர்களிலிருந்தும், முல்லைத்தீவின் நீராவிப்பிட்டி, கிளிநொச்சியின் நாச்சிக்குடா என்று தூரத்து ஊர்களிலிருந்தும் வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். படிப்பு முடிந்ததும் வருடந்தோறும் ஒரு பிரியாவிடை வைபவம் வைக்கிறோம். கிராஅத், வரவேற்புரை, சின்ன வகுப்புப் பிள்ளைகளின் கஸீதா, அதிபரின் உரை, கடைசியில் என்னுடைய நஸீஹத். பிறகு ரோல்ஸும் தேநீரும். பிள்ளைகள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஓட்டோகிராப் புத்தகங்கள் கைமாறும். வாப்பாமார் பெட்டிகளை ஓட்டோவில் ஏற்றுவார்கள். அஸர் பாங்கு சொல்லும்போது விடுதி காலியாகிவிடும்.

பல வருடங்களாக அந்த மேடையில் நின்று நான் பேசியிருக்கிறேன். நன்றாகப் பேசுவதாகவும் பலர் சொல்லியிருக்கிறார்கள். பேசி முடித்ததும் என் கடமை முடிந்தது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை ஒரு தாயும் ஒரு பழைய மாணவியும் எனக்கு உணர்த்தினார்கள்.

ஒரு தாயின் கேள்வி

ஒரு வருடம் வைபவம் முடிந்து நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் பக்கத்தில் வந்தார். மீள்குடியேறிய கிராமமொன்றிலிருந்து வந்தவர். அவருக்குப் பின்னால் அவருடைய மகள் நின்றாள். வர்த்தகப் பிரிவில் பரீட்சை எழுதியவள். பெறுபேறு வந்திருந்தது. எங்கள் கல்லூரியிலேயே அந்த வருடத்தின் மிகச் சிறந்த பெறுபேறு அவளுடையதுதான்.

"ஹஸ்ரத், புள்ள படிச்சது போதும்தானே? நல்ல ஒரு இடம் இருந்தாச் சொல்லுங்களேன்" என்றார் தாய்.

அந்தப் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அதன் கையில் ஒரு கடித உறை இருந்தது. பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிக்க இன்னும் மூன்று வாரமே இருந்தது என்பது எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கும் தெரியும். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இன்ஷா அல்லாஹ், பார்ப்போம் உம்மா" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பத்து நிமிடத்துக்கு முன்புதான் ஒலிபெருக்கியில், இல்மைத் தேடுவது ஆண் பெண் இருபாலார் மீதும் கடமை என்று முழங்கியிருந்தேன்!

பஸ்ஸில் கிடைத்த பாடம்

அதே வாரம் மன்னார் வீதி பஸ்ஸில் ஒரு பெண் கைக்குழந்தையோடு ஏறினாள். ஸலாம் சொன்னாள். சில வருடங்களுக்கு முன் எங்களிடம் ஓதியவள். அரபு இலக்கணத்தில் அவளை மிஞ்ச அந்த வகுப்பில் ஆளில்லை.

"மகள், எங்காவது ஓதிக் கொடுக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "இல்லை ஹஸ்ரத். நீங்க அண்டைக்கு மேடையில பேசினதுக்குப் பிறகு என்னட்ட ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல."

அவள் குறை சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். அவளை மணந்தவர் நல்லவர். மாமியும் அன்பானவர். யாரும் அவளைத் தடுக்கவுமில்லை. ஆனால் ஏழு வருடம் படித்தவளைப் பார்த்து, உனக்குத் தெரிந்ததை எங்களுக்கும் சொல்லித் தா என்று வீட்டிலும் கேட்கவில்லை, ஊரிலும் கேட்கவில்லை. "போய் வாருங்கள்" என்று அனுப்பி வைத்த உஸ்தாதும் கேட்கவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

விடைபெறாத வகுப்பு

அன்றிரவு நினைவுக்கு வந்தது என்னுடைய சொந்த வகுப்பு.

நான் முல்லைத்தீவு தண்ணீரூற்றுப் பக்கத்தைச் சேர்ந்தவன். 1990ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. அந்த ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியிருந்ததால் பாடசாலை நடந்த நாட்களும் குறைவு. ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகர முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியாலமே அவகாசம் கிடைத்தது. ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர் வீடு, காணி, கடை, பள்ளிவாசல் அனைத்தையும் விட்டு வெளியேறினோம். பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு.

எங்கள் வகுப்புக்குப் பிரியாவிடை நடக்கவில்லை. கரும்பலகையில் எழுதியிருந்த கணக்கை யாரும் அழிக்கவுமில்லை. பக்கத்து வாங்கில் இருந்தவன் எந்த வழியாக எங்கே போனான் என்று பல மாதங்களாக எனக்குத் தெரியாது. எங்களோடு ஒரே கிணற்றில் தண்ணீர் குடித்த தமிழ்ப் பிள்ளைகளிடமும் நாங்கள் சொல்லிக்கொண்டு வரவில்லை.

எங்கள் தலைமையாசிரியர் மட்டும் ஒரு காரியம் செய்திருந்தார். அவர் தம் துணிப் பைக்குள் பாடசாலையின் சேர்வு இடாப்பையும் வரவு இடாப்பையும் வைத்து எடுத்து வந்திருந்தார். வழியில் சோதித்தவர்களுக்கு அந்தப் பழைய கொப்பிகள் தேவைப்படவில்லை. புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் நாங்கள் வாழ்ந்தபோது, அந்த இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முகாம் முகாமாக நடந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். "இருக்கிறேன் சேர்" என்று பதில் வந்தால் ஓர் அடையாளம் இடுவார். பதில் வராவிட்டால் அந்தக் குடும்பம் எந்த முகாமில் என்று விசாரிப்பார். ஊர்ப் பாடசாலைகளில் எங்களைச் சேர்க்க விடுகைப் பத்திரம் கேட்டார்கள். அந்த இடாப்பைப் பார்த்துத்தான் அவர் எங்களுக்கு விடுகைப் பத்திரம் எழுதித் தந்தார். ஊர்ப் பிள்ளைகள் காலையில் படித்த கட்டடத்தில் நாங்கள் பின்னேரம் படித்தோம். இன்று நான் ஒரு மௌலவி என்றால், அதற்கு அந்தக் காகிதமும் ஒரு காரணம்.

சகோதரிகளே, இந்த வன்னி மண்ணில் விடைபெறாமல் கலைந்த வகுப்பு எங்களுடையது மட்டுமல்ல. 2008இலும் 2009இலும் கிளிநொச்சி, முல்லைத்தீவுத் தமிழ்ப் பிள்ளைகள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தார்கள். மரத்தடியில் படித்தார்கள். பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். எத்தனையோ ஆசிரியர்களும் மாணவர்களும் உயிரோடு திரும்பவில்லை. யுத்தம் முடிந்தபோது ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் வவுனியா முகாம்களில் இருந்தார்கள். செட்டிகுளம் மெனிக் பாம் முகாமே அவற்றுள் பெரியது. அந்த முகாம்களில் இருந்தபடியே பிள்ளைகள் 2009 ஓகஸ்டில் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். கூடாரத்தில் படித்துப் பரீட்சை எழுதிய அந்தப் பிள்ளைகளின் உம்மாமாரை நினைத்துப் பாருங்கள்.

அப்படிப்பட்ட மண்ணில், இன்று ஒரு வகுப்பு முழுதாகப் படித்து முடித்து, எல்லோரும் உயிரோடு ஒரு மண்டபத்தில் கூடி, அழுதுகொண்டே விடைபெறுகிறது என்றால் அது எவ்வளவு பெரிய நிஃமத்! அந்த நிஃமத்துக்கு ரோல்ஸும் தேநீரும் மட்டுமா நன்றி?

இருபது இரவுகள்

மறுநாள் ஸுபஹுக்குப் பின் ஸஹீஹுல் புகாரியை எடுத்தேன். பல தடவை ஓதிக் கொடுத்த ஹதீஸ்தான். மாலிக் இப்னு ஹுவைரிஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பது. அவர்களும் ஏறக்குறைய ஒரே வயதுடைய சில வாலிபர்களும் நபி (ஸல்) அவர்களிடம் வந்து இருபது இரவுகள் தங்கி மார்க்கம் கற்றார்கள். அந்தச் சின்ன வகுப்புக்கு நபி (ஸல்) அவர்கள் எவ்வாறு விடைகொடுத்தார்கள் என்பதை அந்த ஹதீஸ் சொல்கிறது. அதில் மூன்று விஷயங்கள் என் கண்ணைத் திறந்தன.

முதலாவது, அந்த வாலிபர்கள் தங்கள் குடும்பத்தாரை நினைத்து ஏங்குகிறார்கள் என்பதை நபி (ஸல்) அவர்கள் தாமாகவே உணர்ந்தார்கள். அவர்கள் வாய்திறந்து கேட்கும்வரை காத்திருக்கவில்லை. மாணவனின் உள்ளத்தில் இருப்பதை அறிவது ஆசிரியரின் முதல் வேலை. கடித உறையோடு தலைகுனிந்து நின்ற பிள்ளையின் மனது எனக்குத் தெரிந்திருந்தும் நான் சிரித்துவிட்டு வந்தேனே!

இரண்டாவது, வீட்டில் யார் யாரை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று விசாரித்தார்கள். மாணவனை மட்டுமன்றி, அவன் திரும்பிப் போகும் வீட்டையும் அறிந்துகொண்டார்கள். எங்கள் பிள்ளைகள் போகும் வீடுகளில் எத்தனை வீடுகளை நான் அறிவேன்? விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மூன்றாவது, வெறுமனே போய் வாருங்கள் என்று அனுப்பவில்லை. குடும்பத்தாரிடம் திரும்பிச் செல்லுங்கள், அவர்களோடு தங்கியிருங்கள், அவர்களுக்குக் கற்றுக் கொடுங்கள் என்று ஒரு பொறுப்பைக் கொடுத்து அனுப்பினார்கள். தம்மை எப்படித் தொழக் கண்டார்களோ அப்படியே தொழும்படியும், நேரம் வந்தால் ஒருவர் பாங்கு சொல்லி மூத்தவர் இமாமாக நிற்கும்படியும் விளக்கினார்கள். இருபது இரவு படித்தவர்களிடம் ஒரு கூட்டத்தாரின் கல்வியே ஒப்படைக்கப்பட்டது! ஏழு வருடம் படித்த நமது மகளிடம் நாம் எதை ஒப்படைத்தோம்?

முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பிய செய்தியும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முஆத் வாகனத்தில் இருக்க, நபி (ஸல்) அவர்கள் பக்கத்தில் நடந்து சென்றே உபதேசம் செய்தார்கள். மாணவன் வாகனத்தில், ஆசிரியர் கால்நடையில்! நானோ விடுதி வாசலைத் தாண்டி ஓர் அடி வைத்ததில்லை.

வாப்பாவின் பயம்

அன்று பின்னேரமே அந்தப் பிள்ளையின் ஊருக்குப் புறப்பட்டேன். என் மனைவியையும் அழைத்துச் சென்றேன். வாப்பா வயலிலிருந்து வந்து கைகால் கழுவிவிட்டு உட்கார்ந்தார். கல்வியின் சிறப்பைப் பற்றி நான் பேசவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு அவருக்கும் அலுத்திருக்கும். "வாப்பாவுக்கு என்ன யோசனை?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் மனதில் இருந்தது மூன்று பயம். காசு, விடுதி, மகளுக்கு வயது போய்விடும் என்ற கவலை. ஒவ்வொன்றையும் அவர் சொன்னபோது, இவை பிடிவாதமல்ல, ஒரு தகப்பனின் கவலை என்பது புரிந்தது. 1990இல் அவரும் எல்லாவற்றையும் இழந்து நடந்தவர்தான். ஒருமுறை எல்லாம் பறிபோனவருக்கு மகளைக் கண்ணுக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கவே மனம் வரும்.

காசைப் பற்றி நான் அறிந்ததைச் சொன்னேன். அரச பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மஹாபொல புலமைப்பரிசில் உண்டு. பிறகு இன்னொன்றும் சொன்னேன். வர்த்தகம், விஞ்ஞானம் போன்ற பிரிவுகளில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமைப்படி போகின்றன. 55 சதவீதம் மாவட்ட அடிப்படையில் பகிரப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றுமே அந்தப் பட்டியலில் உள்ளவை.

"அப்படியென்றால் இந்த இடம் உங்கள் மகளுக்கு மட்டும் கிடைப்பதல்ல. இந்த ஊர் பட்ட கஷ்டத்தின் பெயரால் கிடைப்பது. ஊருக்கு வரும் ஓர் அமானத்தை நாம் வாசலிலேயே திருப்பி அனுப்பலாமா?" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்.

பல மாதங்களுக்குப் பின் கடிதம் வந்தது. பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகம். 1991இல் ஓர் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகி, 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது அது. யுத்தம் நடந்த காலத்திலேயே முளைத்து வளர்ந்த கல்விக்கூடம். பதிவுக்கு முன் வாப்பாவையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். விடுதி எங்கே, தொழ இடம் எது, பஸ் எங்கே நிற்கும் என்று உம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார். மூத்த வருட மாணவிகள் இருவர் வந்து, ஸலாம் சொல்லி, பொறுமையாகப் பதில் சொன்னார்கள். நான் ஒரு மணி நேரம் மேடையில் பேசியிருந்தாலும் அந்தப் பத்து நிமிடம் செய்ததைச் செய்திருக்காது. திரும்பி வரும்போது உம்மா சொன்னார்: "ஹஸ்ரத், இது கிட்டத்தானே இருக்குது!"

தூரம் ஒருநாளும் மாறவில்லை. போய்ப் பார்த்ததும் பயம் குறைந்தது. அவ்வளவுதான்.

பஸ்ஸில் சந்தித்த அந்த மாணவியின் வீட்டுக்கும் போனோம். என் மனைவி அவளுடைய மாமியிடம் பேசினார். இப்போது அஸருக்குப் பின் அவள் வீட்டு விறாந்தையில் ஊர்ச் சிறுமிகள் குர்ஆனும் அரபும் ஓதுகிறார்கள். மாமியும் கடைசி வரிசையில் உட்கார்ந்து தஜ்வீத் பழகுகிறார். எல்லா வீடுகளிலும் இப்படி நடந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு வீடுகளில் கதவு திறந்தது, கதை மட்டும் திறக்கவில்லை. துஆச் செய்துவிட்டு வந்தோம். மறுபடியும் போவோம்.

வீட்டிலுள்ளவர்கள் செய்ய வேண்டியவை

தாய்மார்களே, உஸ்தாத் விடைகொடுக்கும் இடத்தில்தான் உங்கள் வேலை தொடங்குகிறது. நான் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

மகள் படித்து முடித்து வீடு வரும் முதலிரவில் மாப்பிள்ளைக் கதையை எடுக்காதீர்கள். "நீ படித்ததில் எங்களுக்கு ஒன்று சொல்லித் தா, மகள்" என்று கேளுங்கள். ஒரு சூராவின் விளக்கமாக இருக்கட்டும், ஒரு கணக்காக இருக்கட்டும். கேட்கப்படாத கல்வி துருப்பிடித்துவிடும்.

சான்றிதழ்களை ஈரம் படாத உறையிலிட்டு, பிரதிகள் எடுத்து, மூலத்தை ஓரிடத்திலும் பிரதியை வேறோரிடத்திலும் வையுங்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். காணி உறுதியைப் பாதுகாப்பது போல் இதையும் பாதுகாக்க வேண்டும்.

விண்ணப்பிக்கும் கடைசித் திகதியை வீட்டுக் கலண்டரில் நீங்களே குறித்து வையுங்கள். பல பிள்ளைகளின் படிப்பு, யாரும் வேண்டாம் என்று சொல்லாமலேயே, திகதி தவறி முடிந்துபோகிறது.

நிக்காஹ் பேசும்போது படிப்பையும் சேர்த்துப் பேசுங்கள். எத்தனை பவுண், எத்தனை சஹன் என்று கணக்குப் பார்க்கும் நாம், மகள் தொடர்ந்து படிக்கவும் கற்றுக் கொடுக்கவும் மாப்பிள்ளை வீட்டார் சம்மதமா என்று ஏன் கேட்பதில்லை? வெட்கப்பட வேண்டிய கேள்வியா அது?

மருமகளாகப் படித்த பிள்ளை உங்கள் வீட்டுக்கு வந்தால், அவள் உங்கள் வீட்டுக்கு வந்த ஆசிரியை. நபி (ஸல்) அவர்களின் துணைவி ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கே ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற பெண்மணிதான் எழுதக் கற்றுக் கொடுத்தார்கள். பெண்ணிடம் பெண் கற்பது நமது மார்க்கத்தில் புதியதல்ல.

என்னுடைய இடாப்பு

இப்போதும் எங்கள் கல்லூரியில் பிரியாவிடை நடக்கிறது. என் நஸீஹத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். வெளியேறும் ஒவ்வொரு பிள்ளையின் பெயர், ஊர், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அடுத்து என்ன செய்ய ஆசை என்று எழுதிக்கொள்கிறேன். பயணம் போகிறவரின் மார்க்கத்தையும் அமானிதத்தையும் இறுதிச் செயல்களையும் அல்லாஹ்விடம் ஒப்படைக்கும் அந்த துஆவை ஓதித்தான் அனுப்புகிறேன். ஆனால் ஒப்படைத்துவிட்டோம் என்று இருந்துவிடுவதில்லை. மூன்று மாதத்துக்கொருமுறை நானும் மனைவியும் கொப்பியை விரித்து வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்க்கிறோம். தெரிந்த பெயருக்கு நேரே ஓர் அடையாளம். தெரியாத பெயர் என்றால், அந்த ஊர்ப் பக்கம் ஒரு பயணம்.

புத்தளத்து மணலில் வெயிலில் நின்று பெயர் கூப்பிட்ட அந்தத் தலைமையாசிரியர் இன்று உயிரோடு இல்லை. அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக! நான் செய்வது அவர் செய்ததில் ஒரு பங்குகூட இல்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டு மகளின் பெயர் யாருடைய கொப்பியிலாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இல்லாவிட்டால் பரவாயில்லை. இன்று மஃரிபுக்குப் பிறகு நீங்களே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பக்கத்தில் இருத்தி, "நீ படித்ததை என்ன செய்யப் போகிறாய், மகள்?" என்று கேளுங்கள். அவள் பதில் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக இருங்கள்.

வஸ்ஸலாம்.